பஸ் படியில் ஒரு அனுமதி

மழை நாள். தம்பானூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், பத்து வயது மகளை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்த அம்மா பக்கத்து மாமியிடம் சொன்னாள்:

“நேத்து இவ கோயில் குளத்துல இறங்கலை, மாமி. ஆத்துக்கு வந்ததும் பாயசம் வெச்சேன்.”

“இறங்காததுக்கா பாயசம்?”

“தண்ணியக் கண்டா ஒரே ஓட்டமா ஓடி விழுவாளே! ஆழம் தெரியாது, கூப்பிடப் பேச்சும் இல்லை. தெரபி டீச்சர்தான் பழக்கினா. கரை வந்தா நிக்கணும், என் கையத் தட்டணும், நான் சரின்னாத்தான் இறங்கணும். நீச்சல் குளத்துல செய்வா. வெளியில மறந்துடுவாளோன்னு பயந்தேன். நேத்து நின்னா, கேட்டேளா!”

“ஒரு நாள் நின்னா போறுமா?” என்றாள் மாமி.

தம்பானூரில் ரோடு முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர். முதலில் இறங்கப்போன அந்தச் சிறுமி கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் நெருக்கியது.

“வேகம் இறங்கு மோளே!” என்று கண்டக்டர் மலையாளத்தில் அவசரப்படுத்திக் கத்தினார்.

அவள் அசையவில்லை. திரும்பி அம்மாவின் கையைத் தட்டினாள்.

“யாரும் தள்ளாதீங்கோ! குழந்தை கேக்கறா!” என்று மாமி இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள்.

அம்மாவுக்கு அவசரமே இல்லை. “சரி, இறங்கலாம்” என்றாள், பஸ் முழுவதும் கேட்கும்படி.