இருட்டறை நாற்றுகள்

ஓட்ஸை நீங்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிட்டிருப்பீர்கள். அது முளைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். வெளிச்சமே படாமல் முளைக்கவிட்டால் வெளிறிய ஊசிபோல நேராக எழும். விசாரணைக் குழுவில் தாவரவியல் படிக்காதவர்களும் இருப்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்றின் நுனியில் ஆக்ஸின் என்ற ஹார்மோன் உண்டாகிறது. அது கீழே இறங்கித் தண்டை நீளச் செய்கிறது. ஒரு பக்கத்திலிருந்து நீல வெளிச்சம் பட்டால் ஆக்ஸின் நிழல் பக்கமாக நகர்ந்துவிடும். நிழல் பக்கம் கூடுதலாக வளரும். அதனால் நாற்று வெளிச்சத்தை நோக்கி வளையும். அதற்கு வேறு வழி கிடையாது.

மேதா என் ஆராய்ச்சி மாணவி. டெல்லியிலேயே பிறந்தவள். அப்பா ராமச்சந்திரன் அமைச்சகம் ஒன்றில் வேலை பார்க்கிறார், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். நான் மயூர் விஹாரில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். மகன் கௌஷிக் கனடாவிலிருந்து அவ்வப்போது கூப்பிடுவான். இருவருக்கும் பேச அதிகம் இருக்காது.

ஆக்ஸின் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று அளப்பதுதான் மேதாவின் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டு நாற்றுகளை எப்போதும் இருட்டிலேயே வைத்திருப்பாள். அவை நேராக நிற்க வேண்டும். அவை வளைந்துவிட்டால் மற்ற அளவுகளையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான். இருட்டறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். சிவப்புக்கு நாற்று வளையாது. அறைச் சாவி அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

முதல் முறை நடந்தது தற்செயல். ஒரு பாட்டிலை எடுக்க உள்ளே போயிருந்தேன். கையிலிருந்த ஃபோன் ஒலித்துத் திரை எரிந்தது. கௌஷிக். உடனே அணைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆனால் இருட்டில் வளர்ந்த நாற்றுக்கு அவ்வளவு வெளிச்சமே போதும்.

மத்தியானம் மேதா என் அறைக்கு வந்து நின்றாள். "மேம், டார்க் ட்ரே எல்லாம் வளைஞ்சிருக்கு. சச்சி, நிஜமாவே நான் லைட்டே போடல."

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். உட்காரவைத்து டீ வரவழைத்தேன். என் டப்பாவிலிருந்த தயிர் சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். என் தோளில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். திரும்பும்போது மெட்ரோவில் சேர்ந்து போனோம். வீட்டுக்கு ஐஎன்ஏ ஸ்டேஷனில் இறங்க வேண்டியவள், இறங்காமல் மயூர் விஹார் வரை என்னோடு வந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதன்பின் நாற்றுகள் நேராகவே வளர்ந்தன. ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் அவளைக் கூப்பிட்டிருந்தது. ஆய்வேட்டை முடித்ததும் கிளம்பலாம். அவளுக்கு நேரமே இல்லை. போகும்போது கதவோரம் எட்டிப் பார்த்து, "பை மேம்" என்பாள், அவ்வளவுதான்.

இரண்டாம் முறை ஃபோன் ஒலிக்கவில்லை.

மேதா இருட்டறைக் கதவைச் சுற்றிப் புது டேப் ஒட்டினாள். கறுப்புத் திரையை மாற்றினாள். பக்கத்து ஆய்வகத்து ஜெபதுரை சிவப்பு விளக்கைச் சோதித்துக் கொடுத்தார். ஒருநாள் அவளே உள்ளே ஸ்டூல் போட்டுக் காவல் உட்கார்ந்தாள். அன்று எல்லாம் நேராக நின்றன. முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

நான் நிதானமாகத்தான் சொன்னேன். "இன்னிக்கு நீ கவனமா இருந்தே, சரியா வந்தது. மத்த நாள் களைப்புல நீயே உள்ள ஃபோனைத் திறந்திருப்பேம்மா. உனக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து இருட்டறைக்குப் போகுமுன் ஃபோனை என்னிடம் கொடுத்துவிடுவாள். "நீங்களே வெச்சுக்கோங்க மேம். எனக்கு என் மேலயே பரோசா இல்ல, நம்பிக்கையே போயிடுச்சு."

அவள் சாப்பிடப் போன நேரங்களில் நான் உள்ளே போனேன். அவளுடைய ஃபோனையே பயன்படுத்தினேன். கையில் இருந்தது அதுதான், வேறு காரணம் இல்லை.

அப்போதாவது அவள் என்னைச் சந்தேகித்திருக்கலாம். இன்னொரு சாவி என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் சந்தேகித்தது தன்னைத்தான். துப்பட்டாவை உதறிக் காட்டினாள். பையை என் மேசையில் கவிழ்த்து, உள்ளே டார்ச் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றாள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனதும் நான்தான். ராமச்சந்திரன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "எங்களுக்கு ஒண்ணும் புரியல மேடம். நீங்கதான் அவளைப் பாத்துக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாத்திரையில் அவள் கை நடுங்கத் தொடங்கியது. ஆக்ஸினை அளப்பதற்காக நாற்றின் நுனியை நறுக்க நடுங்காத கை வேண்டும். கொஞ்ச நாளில் அவள் வருவது நின்றது. ஜெர்மனி இடம் வேறு யாருக்கோ போயிற்று.

அவளுடைய கடைசித் தட்டுகள் இருந்தபோதே ஜெபதுரை யாரிடமும் சொல்லாமல் உள்ளே ஒரு கேமரா வைத்திருக்கிறார். அதன் அகச்சிவப்பு வெளிச்சம் நாற்றுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நாற்றுகள் நேராக நிற்கின்றன. நான் வந்து ஃபோனை நீட்டுகிறேன், போய்விடுகிறேன். பிறகு அவை மெல்ல வளைகின்றன. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஏன் மேடம்?"

நான்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் நான்தான். நிறுத்திவிட வேண்டும் என்று பலமுறை நினைத்ததும் உண்டு. அவள் வாடிய முகத்தோடு என் அறைக்கு வந்து உட்காரும்போது என்னால் முடியாமல் போய்விடும்.

மேதா இப்போது கிட்வாய் நகர் வீட்டில் இருக்கிறாள். ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. விளக்கைப் போடவிடுவதில்லை, தன் கை எதையாவது கெடுத்துவிடும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். "நீங்க ஊட்டினாத்தான் ரெண்டு வாய் சாப்பிடறா" என்று அவள் அம்மா விஜயலக்ஷ்மி சொல்வார். உண்மைதான். இருட்டில் என் குரல் கேட்டதும் எழுந்து உட்காருகிறாள்.

அந்தப் படத்தை அவளுக்கும் காட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். இந்த உலகத்தில் அவள் நம்புவதற்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். என்னையும் அவளிடமிருந்து பறித்துவிட்டால், பாவம், அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?