வளைவில் ஒரு பூசணிக்காய்

எனக்குப் பூசணிக்காய் பிடிக்காது, மேடம். கூட்டில் போட்டாலும் சரி, அல்வாவாகக் கிண்டினாலும் சரி, தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவேன். வெறும் தண்ணீரைத் தோல் போர்த்தி விற்கிற காய். ருசி கிடையாது, மணம் கிடையாது. ஆனால் உட்கார வைத்துப் பார்த்தால் ஒரு சேர்மனுக்குரிய களை இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அந்தக் காயைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. எனக்கு அதன்மேல் தனிப்பட்ட பிரியம் இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறி வந்தேன். எங்கள் வேகன் கம்பெனியில் நடந்த விபத்துக்காக வாட்ச்மேன் வீரமலையைப் பிடித்து ஒரு மாதமாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். என்ஜினியர் அறிவுமதி செத்துப்போனதற்கு அவன் உடைத்த பூசணிக்காய்தான் காரணம் என்று கம்பெனியின் விசாரணைக் குழு எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் குழுவில் ஒருவர், எங்கள் காண்டீன் காப்பி பிரமாதம் என்று சொன்னார். அவர்கள் கண்டுபிடித்த உண்மை அது ஒன்றுதான். வீரமலை நிரபராதி. பாவம், பெண்டாட்டி பிள்ளைக்காரன். இன்று காலையில் எழுந்ததும் என் மனசாட்சி கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன். ஏட்டையா இதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் மாதவன். கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குத் தலைவன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் தொழிற்சாலை. சரக்கு வேகன் செய்கிறோம். செய்த வேகனை ஓட்டிப் பார்க்கப் பின்பக்கத்தில் சொந்தத் தண்டவாளம் இருக்கிறது. ஒரு சரிவில் இறங்கி, வாழைத்தோட்டத்தை ஒட்டிச் சட்டென்று வளையும். அந்த வளைவை அமைத்தவன் நான். நாட்டில் எந்த வளைவிலும் இல்லாத கடுமை அதில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். தொழிற்சாலையில் எல்லோரும் அதை 'மாதவன் வளைவு' என்றுதான் சொல்வார்கள். வண்டி திரும்பும்போது அது கத்துகிற கத்தல், நான் மீட்டிங்கில் கத்துவது மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று காண்டீனில் ஒரு பேச்சு உண்டு. காண்டீன் பேச்சு.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஊரில் எந்தச் சங்கம் கூட்டம் போட்டாலும் இதைப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். வந்த பொன்னாடையெல்லாம் பீரோவில் அடைத்துக்கொண்டு கதவு மூட மாட்டேன் என்கிறது. ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு சக்கரம், நடுவில் ஓர் அச்சு, எல்லாம் ஒன்றாக இறுகிக் கிடக்கும். நேராகப் போகத்தான் அதற்குத் தெரியும். வளைவு வந்தால் தண்டவாளம் அதன் விளிம்பைப் பிடித்து, பையன் காதைத் திருகுகிற மாதிரி திருப்பும். சக்கரம் கத்தும். தேயும். சமயத்தில் விளிம்பு தண்டவாளத்தின்மேல் ஏறி வெளியே குதித்துவிடும். அப்படிக் குதிக்காமல் இருக்க, உள்பக்கத்துத் தண்டவாளத்தை ஒட்டி இன்னொன்று போட்டிருப்போம். காவல் தண்டவாளம் என்று பெயர். சக்கரம் தப்பி ஓடப் பார்த்தால் அது பிடித்து நிறுத்தும்.

எங்கள் ஊர்த் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிற ஆயிரம் பேர், தாங்கள்தான் திருப்பியதாக நினைத்துக்கொண்டு கோவிந்தா போடுவார்கள். திருப்புகிறவன் சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை வைக்கிறவன். கட்டையை ஒரு சாண் தள்ளி வைத்தால் தேர் எதிர்வீட்டுக்குள் போய்விடும். என் சொற்பொழிவை இதில்தான் ஆரம்பிப்பேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

அறிவுமதி துறையூர்ப் பக்கம். அப்பா வெங்காயம் போடுகிறவர். வந்து சேர்ந்த புதிதில், சேர்மன் தர்மராஜ் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில், நான் வளைவுகளின் பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேசி முடித்தேன். வேகத்தைக் குறைப்பது, கிரீஸ் தடவுவது, காவல் போடுவது. அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், தண்டவாளத்தை இவ்வளவு பாடுபடுத்துறதுக்குப் பதிலா, சக்கரத்தையே கொஞ்சம் திரும்ப விட்டா என்ன சார்?"

சேர்மன் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினார். "ஏங்க மாதவன், இத்தனை வருஷத்துல இது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் சொன்னது ஒன்றும் புதிதில்லை, வெளிநாட்டில் எப்போதோ செய்துவிட்டார்கள். அச்சுகளுக்கு நடுவில் குறுக்குத் தண்டுகள் கொடுத்து, வளைவு வந்ததும் சக்கரங்கள் தாமாகவே அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்கிற மாதிரி செய்தாள். அவ்வளவுதான். முதல் ஓட்டத்துக்கு மணல் மூட்டை ஏற்றினார்கள். வண்டி சரிவில் இறங்கி என் வளைவுக்குள் நுழைந்தது. சத்தமே இல்லை. வழக்கமாக அந்தக் கத்தலுக்கு வாழைத்தோட்டத்துக் கொக்குகள் கூட்டமாக எழும்பும். அன்றைக்கு ஒரு கொக்குகூடத் தலையைத் தூக்கவில்லை. காண்டீன்காரர்கள் விசில் அடித்தார்கள். அவள் ஓடி வந்து, "சார், உங்க வளைவுதான் சார் எனக்கு வாத்தியார். இதுல ஓடிட்டா எங்கயும் ஓடிடும்" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்வதிலும் ஒரு கர்வம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய வரைபடங்களை அந்தக் கம்பெனியில் முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். சேர்மன் அட்டையைப் பார்த்தார். போட்டோகிராபர் சேர்மனைப் பார்த்தான். நான் படித்தேன், பல தடவை. நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் உயிர் ஒரே இடத்தில் இருந்தது: சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள பிடிமானம். அந்தப் பிடிமானம்தான் சக்கரத்தைத் திருப்புகிற கை. தண்டவாளத்தின் தலையில் வழுக்கல் இருந்தால் கை இல்லை. குளிர் நாடுகளில் உதிர்ந்த இலை தண்டவாளத்தில் நசுங்கிக் கூழாகி, ரயில் பிரேக் பிடிக்காமல் ஸ்டேஷனைத் தாண்டிச் சறுக்கிப் போகிறது. இதையும் நான் பல சங்கங்களில் பேசியிருக்கிறேன். ஒருவரும் குறிப்பு எடுக்கவில்லை. போண்டா வந்துவிடும்.

ஒரு கண்டுபிடிப்பை மோசமான நிலைமையில் சோதிக்காமல் ஊருக்குள் விடலாமா? என் வேலையே அதுதானே. நான் செய்ததெல்லாம் அந்த வேலைதான்.

சேர்மனுக்கு வெள்ளோட்ட விழா நடத்த ஆசை வந்தது. வேகனைவிடப் பெரிதாக அவர் முகத்தை ஃப்ளெக்ஸில் அடித்தார்கள். மணல் மூட்டையைப் பார்த்து யார் கைதட்டுவார்கள், மனுஷர்களை ஏற்றுங்கள் என்றேன். தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் காப்பியை வேகனில் வையுங்கள், வளைவில் ஒரு சொட்டு சிந்தாமல் வருவதை ஊர் பார்க்கட்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திறந்த வேகனில் சிவப்புக் கம்பளம் விரித்து, சாமியானாக் கடை நாற்காலிகள் போட்டாயிற்று.

பிறகு காவல் தண்டவாளம். சக்கரம்தான் தானாகத் திரும்புகிறதே, வந்தவர்கள் அதைப் பார்த்தால் நமக்கே நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களே என்றேன். அறிவுமதி, "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார், யாருக்கு என்ன தொந்தரவு?" என்றாள். "பாருங்க, பாப்பாவுக்குத் தன் வண்டிமேலயே சந்தேகம்" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு சரியான பக்கம் திரும்பியிருந்தது. மறுநாள் கழற்றிவிட்டார்கள்.

பூசணிக்காய்க்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் எது நடந்தாலும் வீரமலைதான் வாசலில் திருஷ்டி சுற்றி உடைப்பான். பூஜை நடக்கும்போது சேர்மன் காதில், கண்ணேறு படப்போவது வளைவில்தானே, அங்கே உடைத்தால்தானே பலன் என்றேன். ஒரு தண்டவாளத்துக்கு மட்டும் உடைத்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளாதா என்றும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆமாமாம் என்றார். எம்.பி.ஏ. படித்தவர். வீரமலை கூடை நிறையக் காய்களைத் தூக்கிக்கொண்டு போய், கற்பூரம் ஏற்றிச் சுற்றி, சரிவு முடிந்து வளைவு தொடங்குகிற இடத்தில், பிரேக் போட வேண்டிய இடத்தில், தண்டவாளத்தின் தலையிலேயே மோதி மோதி உடைத்தான். குங்குமமும் சதையும் கூழாக அப்பிக்கொண்டன. அவ்வளவு பக்தியோடு ஒருவன் கொலைக்கருவியைக் கையாண்டு நான் பார்த்ததில்லை.

பெருக்குகிற இருசம்மாள் விளக்குமாறோடு வந்தாள். "தள்ளிக்கங்க சார், வழிச்சு விட்டுடறேன். போன ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுக்காரர் இதுலதான் வண்டியோட சறுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டார்."

"திருஷ்டி கழிச்சதைத் தொடக்கூடாதும்மா. ஆகாது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். குழுவிடம் இதை அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர்கள் நம்பவில்லை. 'மாதவன் சாரா? அவர் வீட்டில் பஞ்சாங்கமே கிடையாதே, அவர் இப்படிச் சொல்வாரா?' என்று சிரித்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்கப் பகுத்தறிவோடு வாழ்ந்ததில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வண்டியில் ஏறும் நேரம் வந்ததும் பெரிய மனுஷர்களின் உடம்பு ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தது. ஒருவருக்குத் தலைசுற்றல். ஒருவர் மாத்திரை போடவில்லை. சேர்மனுக்குக் கீழே நின்றால்தான் போட்டோவில் ஃப்ளெக்ஸும் சேர்ந்து விழும். கடைசியில் அறிவுமதி மட்டும் ஏறினாள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி டம்ளரைக் காலடியில் வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து தள்ளுகிற என்ஜினில் டிரைவர் காத்தமுத்து.

வண்டி இறங்கியது. காத்தமுத்து பிரேக் போட்டார், அவர்மேல் தப்பில்லை. சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. குறுக்குத் தண்டுகள் திரும்புவதற்குப் பிடிமானத்தைத் தேடின, கூழ்தான் கிடைத்தது. நான் நினைத்தபடியே வெளிப்பக்கத்து விளிம்பு மேலே ஏறியது. அப்போது என் வளைவு கத்தியது, மேடம். பழையபடி, நன்றாக. கொக்குகள் எல்லாம் எழும்பின. இணைப்புக் கொக்கி தெறித்து, என்ஜின் தடத்திலேயே நின்றுவிட்டது. வேகன் மட்டும் வாழைத்தோட்டத்தில் கவிழ்ந்தது. எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்க்க ஓடினார்கள். நான் டம்ளரைத் தேடிப் பார்த்தேன். காலியாக இருந்தது. சோதனை என்றால் முடிவைக் குறித்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஏறும் முன்னால் அவள் அந்தக் கூழைப் பார்க்கவே இல்லையா என்கிறீர்கள். நல்ல கேள்வி. குழுவுக்குத் தோன்றாத கேள்வி.

பார்க்கவில்லை, ஆனால் கேட்டாள். வேகனில் ஏறி உட்கார்ந்தபிறகு என்னைத் தேடிக் கூப்பிட்டாள். "சார், அங்க ஏதோ உடைச்சாங்களே, தண்டவாளத்தைச் சுத்தமாத் துடைச்சாச்சுங்களா? அது இருந்தா வண்டியை எடுக்க வேண்டாம் சார்." பக்கத்தில் யாரும் இல்லை, மேளம் வேறு. நான்தான் சோதனைப் பிரிவின் தலைவன். வேறு யாரைக் கேட்பாள்?

"இருசம்மா துடைச்சுட்டாங்கம்மா. நானே பார்த்துட்டு வந்தேன்" என்றேன்.

"அப்ப சரி சார்" என்று காத்தமுத்துவுக்குக் கையைக் காட்டினாள்.

இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. அவள் சாவாள் என்று தெரியும், தெரிந்துதான் சொன்னேன். வீரமலையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

வாசித்துக் காட்டியதற்கு நன்றி, ஏட்டையா. 'பொறாமை காரணமாக' என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் இலாகாவுக்குத் தெரிந்த காரணங்கள் நாலோ ஐந்தோதான், இருக்கட்டும். 'திட்டமிட்டுக் கொலை' என்பதும் இருக்கட்டும். ஆனால் சம்பவ இடம் என்கிற வரியைப் பாருங்கள். 'அறிவுமதி வளைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று சாயங்காலம் சேர்மன் அங்கே ஒரு பலகையை நட்டு மாலை போட்டார், தெரியும், நானும் நின்று கைதட்டினேன். இன்று காலையில் பஸ்ஸில் எங்கள் காண்டீன் பையன்கூட அப்படித்தான் சொன்னான். அதை அடித்துவிட்டு 'மாதவன் வளைவு' என்று எழுதிக் கொடுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்.