ஜன்னல் தலையில் பெயர் எழுதிய நிஜாமுதீன்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் லோகேஷ் அவர்களே, நிஜாமுதீன் பாயின் துணைவியார் ஷாகிதா அம்மா அவர்களே, திருமழிசை எஸ்டேட்டின் பட்டறைகளிலிருந்து இரும்புத் தூள் ஒட்டிய சட்டையோடு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்!

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். இந்தத் தாளில் ஓர் எழுத்து யானை போலவும் அடுத்தது எறும்பு போலவும் இருக்கிறது. எழுதியவன் நான்தான், லோடிங் ஏகாம்பரம். கிழவனான பிறகு எழுத்துப் பழகியவன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். துக்க மேடையில் சொல்லலாமோ கூடாதோ, இதை நானே எழுதினேன் என்பதில் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி! அந்த மகிழ்ச்சியைக் கொடுத்த மனிதரைத்தான் இரும்பு அடித்துக் கொன்றுவிட்டது.

யார் நிஜாமுதீன் பாய்? எங்கள் பட்டறையின் புரோகிராமர். கடைசல் மெஷின் இரும்பை எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதி அனுப்புகிறவர். எங்களிடம் இரண்டு மெஷின்கள். பெரியது ராட்சசன், சிறியது சிட்டு. எந்த மெஷினாக இருந்தாலும் அன்றைய முதல் வேலையை 'ஒன்று' என்ற பெயரில்தான் வைப்பார்கள், அது எங்கள் பட்டறை வழக்கம். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் இரண்டின் தலையிலும் 'ஒன்று' என்றே இருக்கும். எது ராட்சசனுக்கு? எது சிட்டுக்கு? ஒருமுறை மாறிப்போய், சிட்டின் இரும்பு வெட்டும் டூல் உடைந்து சிதறி, எங்களோடு வேலை பார்க்கும் முனியம்மாவின் கன்னத்தைக் கிழித்தது.

பாய் அதைப் பொறுக்கவில்லை. அவர் புரோகிராம் எழுதும் மென்பொருளான எடிட்டர், நாம் சொல்லிக்கொடுத்தால் தன்னையே மாற்றிக்கொள்ளும் எடிட்டராம். அதற்குள் சில வரிகள் எழுதினார். மறுநாள் ஜன்னலின் தலையில் தமிழ் ஏறியது! முன்னால் மெஷினின் பெயர், பின்னால் வேலையின் பெயர். எழுதியதைச் சேமிக்க மறந்திருந்தால் 'சேமிக்கவில்லை' என்று ஓர் அதட்டல்.

"அண்ணாத்தே, மேல இன்னா போட்டுகீது? படி பாப்போம்" என்பார்.

"ரா... ட்... ச..."

"உன் மூஞ்சியப் பாத்துதான்யா எழுதனேன், இன்னுமா தெரில!"

நான் வாழ்க்கையில் படித்த முதல் சொல் ராட்சசன். யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!

புது சூப்பர்வைசர் உதயகுமார் சார் வந்தார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். "இன்னாய்யா இது, ராட்சசன், சிட்டுன்னு? கஸ்டமர் பாத்தா சிரிப்பான். எடுத்துடு."

"சிரிச்சிட்டுப் போவட்டும் சார். யாரும் அழுவாம கீறோமே, அது போதும்."

பாய் எடுக்கவில்லை. அவர் விடுப்பில் இருந்த அன்று சார் தாமே அந்த வரிகளை அழித்தார். மறுநாள் காலை இரண்டு ஜன்னல் தலையிலும் மறுபடி 'ஒன்று'. பாயின் உதவியாளன் நிர்மல் ராட்சசனுக்கு எழுதியதைச் சிட்டுக்கு அனுப்பினான். சிட்டை ஓட்டும் கோபி பச்சைப் பொத்தானை அழுத்தி அதை ஓடவிட்டான். அப்போதுதான் பாய் உள்ளே வந்தார். ராட்சசனின் வேலை சிட்டுக்குப் போயிருப்பதைத் திரையில் பார்த்தார். ஓடினார்.

"நவுருடா கோபி!"

கோபியை அவர் தள்ளிய நொடியில் டூல் போய், இரும்பைக் கவ்விப் பிடித்திருந்த சக்கில் மோதியது. சுழன்றுகொண்டிருந்த இரும்புத் துண்டு பிடி விட்டுப் பறந்தது. கதவுக் கண்ணாடி நொறுங்கியது. துண்டு பாயின் நெஞ்சில் பாய்ந்தது. எலும்பு முறிந்த சத்தம் மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது, தோழர்களே! மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட் வடியும் குழியில் ரத்தம் ஓடியது. இந்தக் கையால்தான் அவரைத் தூக்கினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் என்ன செய்தோம்? உதயகுமார் சாரின் சட்டையைக் கிழித்தோம். அவர் நெற்றியில் இருக்கும் கட்டு நாங்கள் அடித்த காயத்துக்குப் போட்டது. நான் ஸ்பேனரை ஓங்கினேன். மண்டையைப் பிளந்திருப்பேன். குறுக்கே வந்து நின்றவர் ஷாகிதா அம்மா.

"இவர ஒடச்சா அவர் எழுந்து வந்துடுவாரா? அவர் எழுதனத மொதல்ல திரும்பப் போடுங்க. நாளைக்கு அங்க இன்னொருத்தன் நிப்பான்ல?"

போட்டார்களா? இல்லை! நேற்றுப் போய்ப் பார்த்தேன். 'ஒன்று', 'ஒன்று'. நாளைக் காலை மெஷினை ஓட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.

நிர்மல், தலையைத் தூக்கு. உன்னை யாரும் அடிக்க மாட்டோம். அந்த வரிகளைப் பாய் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாளை முதல் வேலையாக அதை எழுது. எழுதியதை நான் உரக்கப் படிப்பேன். மறுபடி யாராவது அழித்தால் அடுத்த வாரமே இன்னொரு தாள் எழுதுவேன், தொழிற்சாலை ஆய்வாளருக்கு.

பாய்க்கு மலர் வேண்டாம், மாலை வேண்டாம். ஜன்னல் தலையில் மெஷினின் பெயர் ஏறாமல் பச்சைப் பொத்தானை எவனும் தொட மாட்டான் என்று உறுதி சொல்லுங்கள். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

கோபி தூக்கிவிட்டான். முனியம்மா தூக்கிவிட்டாள்.

உதயகுமார் சார், நீங்களும் தூக்குங்கள். நீங்கள் தூக்கும்வரை நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.