அவருடைய கீபோர்டு

மதியம் மூன்று மணி இருக்கும். இரவுகூட இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்... பட்டப்பகல். கல்குவாரிக்குப் பின்னால் போகும் சாலை. தூறல். முன்னும் பின்னும் ஈ காக்கை கிடையாது. அந்தச் சாலையில்தான் என் நண்பனின் மச்சான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர். ஊரே அவரைத் 'திருகாணி' என்றுதான் கூப்பிடும்.

சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. கதவைத் திறந்த அம்மாவின் கணவர் இறந்து ஒரு மாதம். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ததில் அவருக்குக் குரலே போய்விட்டதாம். கடைசி இரண்டு வருடமும் பேச்செல்லாம் கம்ப்யூட்டரில் தட்டுவதுதான். பெரிய பெரிய எழுத்து வைத்த தனிக் கீபோர்டு.

"அவர் பேசினது எல்லாம் இதுக்குள்ளதான் தம்பி இருக்கு. புதுக் கீபோர்டு வாங்கி மாட்டினேன்... அன்னையிலிருந்து தொறக்கவே மாட்டேங்குது."

திருகாணி கம்ப்யூட்டரைப் போட்டார். விசிறி முனகியது... பழுது என்று காட்டும் நீலத்திரை. அணைந்தது. மறுபடியும் அதே.

அவசியமானதை மட்டும் வைத்துத் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்ததும் சங்கதி புரிந்தது. பழைய கீபோர்டை இயக்கும் மென்பொருளாக ஒரு டிரைவர், புதியதற்கு ஒன்று. ஒரே உறையில் இரண்டு கத்தி. தொடக்கத்திலேயே முட்டிக்கொள்கின்றன. பழையதை நீக்கினார். நீலத்திரை. உள்ளே போய்ப் பார்த்தால், நீக்கியது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை நீக்கினார். மூன்று முறையும் வந்தது. பக்கத்தில் 'இணைக்கப்பட்டுள்ளது' என்று காட்டியது.

"அக்கா, பழைய கீபோர்டு எங்க மாட்டியிருக்கு? அதக் கழட்டினாத்தான் சரியாகும்."

அந்த அம்மா அவரையே பார்த்தார்.

"அத அவர்கூடவே பெட்டியில வெச்சுப் பொதச்சிட்டோமே, தம்பி."

அறையில் ஈர மண் வாசனை. மழைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் புதியதைக் கழற்றினார், அதன் டிரைவரையும் எடுத்தார். கம்ப்யூட்டர் ஒரு முனகல் இல்லாமல் திறந்துகொண்டது. மேசைமேல் கீபோர்டே இல்லை. ஒரு வெள்ளைப் பக்கம் தானாக விரிந்தது. டொக்... டொக்... காலுக்குக் கீழே, வெகு ஆழத்திலிருந்து. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

இருட்டா இருக்கு.

"என்னங்க! நான் இங்கதான் இருக்கேன்!" என்று அந்த அம்மா திரையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

யாராவது இருக்கீங்களா?

"அவருக்குக் கேக்கல தம்பி... நீங்க பதில் அடிங்க!"

எதில் அடிப்பது? புதியதைச் செருகினார். நீலத்திரை. அதைக் கழற்றிவிட்டு, திரையில் வரும் கீபோர்டில் மவுஸால் ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்தார். ஒரு எழுத்து விழுந்ததும் நீலத்திரை. கழற்றினால் அவர் கூப்பிடுகிறார். மாட்டினால் எல்லாம் செத்துப்போகிறது. இருட்டும்வரை கற்ற வித்தை அத்தனையும் காட்டினார். ஒரு வார்த்தை... ஒரே ஒரு 'ம்'கூட அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

குழியைத் தோண்டச் சொல்லி அந்த அம்மா ஏறாத அலுவலகப் படி இல்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். திருகாணியும் கூடவே போய்ச் சாட்சி சொன்னார். சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. அழுகை இல்லை. குரல் மட்டும் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"இப்பல்லாம் கூப்பிடுறதில்ல தம்பி. ரெண்டு நாளா ஒண்ணையேதான் அடிக்கிறார்."

"என்னக்கா அடிக்கிறார்?"

எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தார்.

"'பக்கத்துல... யாரோ... வந்து படுத்திருக்காங்க.'"