அணு போட்ட தாளம்

— ஸ்பீக்கரை விடுங்க அத்தான்! வாடகைக்கு எடுத்தது!

— இதுவும் உடையட்டும், உன் மண்டையும் உடையட்டும். என்னடா கேட்டே அதுல? இன்னொரு தரம் சொல்லு.

— ஐயோ, முழங்கை... "ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருது அத்தான்"னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான். அதுக்குள்ள அக்காவை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிட்டு, இரும்புக் கம்பியைத் தூக்கிட்டீங்க!

— அணு துடிக்கிறதைச் சத்தமா மாத்திக் குடு, நாளைக்கு ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வர்றவங்க கேக்கட்டும்னு நான் எடுத்த அளவுகளை உன்கிட்ட குடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். போயும் போயும் மிருதங்கக்காரன் காதுலயா விழணும்!

— ஏங்க, கதவைத் திறங்க! என் தம்பியை என்ன பண்றீங்க?

— அக்கா, ஒண்ணுமில்லை, நான்... ஆ! வயித்துல உதைக்காதீங்க அத்தான்! பேச விடுங்க!

— பேசுவே. ஊரெல்லாம் தமுக்கடிப்பே. அணு எப்பத் துடிக்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது, போட்ட தாளத்தை அது மறுபடி போடவே போடாதுன்னு மேடைக்கு மேடை முழங்கினவன்டா நான்.

— அதான் அத்தான், நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— மூடு வாயை! அணுவை அளக்கற மெஷின் பாதியிலேயே படுத்துடுச்சு. கையில இருந்தது கொஞ்சூண்டு அளவுதான். அதையே வெட்டி வெட்டி ஒட்டினேன். வெறும் எண்களாப் பார்த்த ஒரு பயலுக்கும் தெரியலை. பரிசு குடுத்தவனுக்கும் தெரியலை. நீ கண்ணை மூடிக் கேட்டே கண்டுபிடிச்சுட்டே, இல்லே? வை கையை மேசைமேல.

— கை வேண்டாம் அத்தான்! கால்ல அடிங்க, எங்க வேணா அடிங்க!

— பாவி மனுஷா, அவன் விரல்தான்யா அவனுக்குச் சோறு!

— வைடா!

— அம்மா... விரல்... விரல் போச்சு...

— இப்பப் போய் வாசி. வாசிச்சுக் காட்டு உலகத்துக்கு.

— டேய் தம்பி! சத்தம் குடுடா! கண்ணு, சத்தம் குடுடா!

— அழறா பாரு உங்கக்கா. அவளை ஏன்டா கூட்டிட்டு வந்தே? சாட்சிக்கா?

— சிபாரிசுக்கு. சத்தமா மாத்தறப்ப ஒரே ஃபைலை நான்தான் கைதவறித் திரும்பத் திரும்பச் சேர்த்துட்டேன்னு நெனச்சேன் அத்தான். நீங்க கோவக்காரராச்சே, மன்னிப்புக் கேக்கறப்ப பக்கத்துல வந்து நில்லு அக்கான்னு கூட்டிட்டு வந்தேன்.