தபதியின் ஒன்பதாவது பாட்டு

தபதிக்கு இலிஷ் மீன் என்றால் உயிர். ஆனால் பாட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொடமாட்டாள். முள் தொண்டையில் தைத்துவிடும் என்று பயம். நானே முள்ளெடுத்துக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். அவள் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத வந்திருக்கிறீர்கள்; இந்த மாதிரி விஷயங்களையும் எழுதுங்கள். எல்லோரும் குரல் போன கதையை மட்டும்தான் கேட்கிறார்கள்.

அதையும் சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

கல்கத்தாவில் எங்கள் டோலிகஞ்ச் வீட்டில் அம்மாவையும் சமையல்காரரையும் தவிர எல்லோருக்கும் சினிமாப் பாட்டுதான் பிழைப்பு. அப்பா ஊமைப்படக் காலத்திலேயே திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தவர். நான் மூத்தவன், இசையமைப்பாளன். தம்பி தேபேஷ் எனக்கு உதவி. கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து அகதியாக வந்த தபதியை நான்தான் கண்டெடுத்தேன், பாட வைத்தேன், கல்யாணமும் செய்துகொண்டேன். தம்பி மனைவி மலினாவும் பாடுவாள், குழுப்பாட்டில் பின்வரிசை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பம்பாயிலிருந்து தபதியைக் கூப்பிட்டார்கள். அவளை மட்டும். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தாள், எனக்குத் தெரிந்துவிட்டது. குளிக்கும்போது இந்திச் சொற்களை முணுமுணுத்தாள். தபால்காரரை வாசலுக்கே போய் எதிர்கொண்டாள். ஆங்கிலம் தெரியாததால் கடைசியில் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவர வேண்டும். நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். மனைவியைக் கவனிப்பது கணவனின் கடமை.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் குரல் கம்மியது. ஒரு டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். இன்னொருவரைக் கலந்துகொண்டு எழுதுகிறேன் என்றார். பத்தாம் நாள் கடிதம் வந்தது, ஆங்கிலத்தில்.

குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது. மூன்று மாதம் பாடவே கூடாது. மீறினால் குரல் திரும்பாது. இதுதான் அதில் இருந்தது.

"என்னங்க எழுதியிருக்காரு?"

"பயப்பட ஒண்ணுமில்லையாம். மழைக்காலத்துச் சளிதான். பாடாம விட்டாத்தான் தொண்டை இறுகிடுமாம். தினம் சாதகம் பண்ணச் சொல்றாரு."

"ரெண்டு பக்கம் எழுதியிருக்காரே, இவ்வளவுதானா?"

"டாக்டருங்க அப்படித்தான். ஒண்ணையே நாலு தடவை சொல்லுவாங்க."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தம்பூராவை எடுத்தாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். என் படத்தில் ஒன்பது பாட்டு, துர்கா பூஜைக்குள் முடிக்க வேண்டும். மூன்று மாதம் அவள் வாய் திறக்காவிட்டால் பாட்டுகள் மலினாவுக்குப் போயிருக்கும். குரல் தேறியதும் இவள் பம்பாய் போயிருப்பாள். எனக்கு என்ன மிஞ்சும்?

ஐந்து வாரத்தில் எட்டுப் பாட்டு முடித்தோம். ஒன்பதாவதை அரைக்கட்டை ஏற்றி வைத்தேன்.

"எட்டலைங்க. கொஞ்சம் இறக்குங்களேன்."

"எட்டும். பயம்தான் உனக்கு."

எட்டியது. உச்சியில் நின்றபோது குரலுக்குள் ஏதோ விரிசல் விட்டது. வயலின்காரர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள். அவள் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கறை. நான் அந்தப் பதிவையே வைத்துக்கொண்டேன். நெஞ்சு உடைந்து பாடியிருக்கிறாள் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு அவளால் ஒரு வரிகூடப் பாட முடியவில்லை. வீட்டில் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம். பாடுகிறவர்களுக்கு வெற்றிலையில் சிந்தூரத்தைக் கலந்து கொடுத்தால் குரல் கட்டிவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அன்னிக்குப் பதிவுக்குக் கிளம்பும்போது இவளுக்கு வெத்தலை மடிச்சுக் கொடுத்தது யாரு?"

பரிமாறிக்கொண்டிருந்த மலினாவின் கை நின்றது. "நான்தான் அண்ணா. தினமும் நான்தானே கொடுக்கறேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. யாருன்னுதான் கேட்டேன்."

அம்மா அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மலினா கொடுத்த தண்ணீரைக்கூட யாரும் தொடவில்லை. பேச்சு ஸ்டூடியோவுக்கும் போனது. குழுப்பாட்டுக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. தேபேஷ் அவளைக் கூட்டிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். நான் அவளை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தபதி அதன்பின் இருபத்தாறு வருஷம் என்னோடு இருந்தாள். பேசினால் காகிதம் கிழிகிற மாதிரி இருக்கும். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது ஆள் விட்டு மலினாவை வரவழைத்தாள். மலினாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தபதி நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நுழைந்ததும் நிறுத்திவிட்டாள். இருவரும் என்னையே பார்த்தார்கள், மலினா அழுதுகொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

தபதி அவளை மன்னித்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். அவ்வளவு பெரிய மனசு அவளுக்கு.