சமதள ஊரில் மலை சைக்கிள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் கையில் கட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் தன் மாமாவிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

“மலை ஏறுற பேட்டரி சைக்கிள் மாமா. முன்சக்கரத்தப் புடிச்சிருக்கிற ஃபோர்க்க மாத்தி, நீளமா ஒண்ணு போட்டேன். பள்ளத்துல எறங்குனாலும் குலுங்கவே இல்ல.”

“அப்புறம் எப்படி வுழுந்த?”

“ஃபோர்க் நீளமானதுல முன்பக்கம் ஒசந்துக்கிச்சு. ஹேண்டில்பார ஒடிச்சா வண்டி லேட்டாத்தான் திரும்புது. மார்க்கெட் முனையில திரும்புறதுக்குள்ள மீன் கூடையில போய் வுழுந்துட்டேன்.”

“பழைய ஃபோர்க்கையே போட்டுடு.”

“இதுதான் மாமா மலை எறங்கும்போது ஸ்டெடியா நிக்கும்.”

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை வயல் மட்டமாகக் கிடந்தது.

“நம்மூர்ல ஏதுடா மலை?”

“திருப்பாப்புலியூர்ல ரயிலுக்கு அடியில போற சப்வே இருக்குல்ல மாமா. அதுல எறங்கித்தான ஏறணும்?”